சிங்கப்பூர் பட்டையும் சித்தப்பாவின் அட்டையும்

அக்கா சிங்கப்பூரிலிருந்து வந்தால் பெட்டியில் என்ன இருக்கும் என்று எங்கள் தெருவுக்கே தெரியும். கோடாலித் தைலம் அரை டஜன், மைலோ பாக்கெட், சித்திக்கு ஒரு நைட்டி. போன தடவை கூடுதலாக ஒன்று இருந்தது. கையில் கட்டும் வாரில் கோத்த ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு. 2024 மார்ச்சில் டெய்லர் ஸ்விஃப்ட் சிங்கப்பூர் தேசிய விளையாட்டரங்கில் ஆறு இரவு பாடினாரே, அதில் ஓர் இரவுக்கு அக்காவும் அவள் மகளும் போயிருந்தார்கள். தென்கிழக்கு ஆசியாவிலேயே அந்த அம்மா பாடிய ஒரே ஊர் அதுதான். நுழைவாயிலில் ஆளுக்கொரு பட்டை கட்டிவிட்டார்களாம்.

"அங்க இருந்த வரைக்கும் கலர் கலரா மின்னிச்சு மாமா. வீட்டுக்கு வந்ததும் செத்துப்போச்சு" என்றாள் மருமகள். நான் எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டே இருப்பவன் என்பது அவளுக்குத் தெரியும். ஒரகடத்தில் ஷிப்ட் வேலை, ராத்திரி வீட்டில் சால்டரிங் அயர்ன். போன வருஷம் அவளுடைய பேசும் பொம்மையைப் பிரித்து, பேசாத பொம்மையாகத் திருப்பிக் கொடுத்த பெருமையும் எனக்கு உண்டு. அப்படியிருந்தும் பட்டையை என்னிடம் நீட்டினாள்.

திறந்து பார்த்தால் உள்ளே பெரிதாக ஒன்றுமில்லை. விரல்நுனி அகலத்துக்கு ஒரு சர்க்யூட் பலகை, பொத்தான் பேட்டரி, கண்ணாடிக் கொட்டைபோல எல்.இ.டி., பொடி எழுத்தில் ஏதோ அச்சடித்த சிப், ஓரத்தில் கறுப்பாக ஒரு புள்ளி. அந்தக் கறுப்புப் புள்ளிதான் காது. நம் வீட்டு டி.வி.யின் முகப்பில் ரிமோட்டுக்காக ஒரு கறுப்புக் கண் இருக்குமே, அதே சாதி. பட்டை சாகவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, பேசத்தான் ஆளில்லை.

இந்தப் பட்டைகளைச் செய்வது கனடாவின் மான்ட்ரியலில் இருக்கும் பிக்ஸ்மாப் என்ற கம்பெனி. 2011-இல் கலிஃபோர்னியாவின் கோச்செல்லா விழாவில் ஆர்கேட் ஃபயர் குழு பாடும்போது, கூட்டத்தின் தலைமேல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பந்துகளைக் கொட்டி, மேடையிலிருந்தே அவற்றுக்கு நிறம் மாற்றிக் காட்டியவர்கள் இவர்கள்தான். 2014-இல் அமெரிக்காவின் சூப்பர் பவுல் ஆட்டத்தில் பார்வையாளர்களின் குல்லாயில் விளக்கு வைத்து அரங்கத்தையே திரையாக்கினார்கள். கோல்ட்ப்ளே குழு 2012 வாக்கில் கட்டிவிட்டது சைலோபேண்ட் என்ற வேறு ரகம். அது ரேடியோ அலையில் இயங்கியது. பிக்ஸ்மாப்பிலும் ரேடியோ ரகம் உண்டு, அகச்சிவப்பு ரகம் உண்டு. என் கைக்கு வந்தது அகச்சிவப்பு. அது என் அதிர்ஷ்டம், ஏனென்றால் ரேடியோ பக்கம் போக எனக்கு விஷயமும் போதாது, தைரியமும் போதாது.

கோல்ட்ப்ளே என்றதும் ஞாபகம் வருகிறது. 2025 ஜனவரியில் அவர்கள் நவி மும்பையில் மூன்று நாளும் அகமதாபாத்தில் இரண்டு நாளும் பாடினார்கள். அகமதாபாத் கடைசி நாள் நிகழ்ச்சியை வீட்டில் உட்கார்ந்து ஹாட்ஸ்டாரில் பார்த்தேன். மோடி ஸ்டேடியம் முழுக்க லட்சத்துக்கும் மேல் கூட்டம், ஒவ்வொரு கையிலும் ஒரு பொட்டு வெளிச்சம். அவர்கள் கட்டிய பட்டையைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். எந்த ஊர்க்காரர்கள் எத்தனை சதவீதம் திருப்பிக் கொடுத்தார்கள் என்று திரையில் போட்டு, ஊருக்கு ஊர் மானப் பிரச்சினையாகவே ஆக்கிவிட்டார்கள். உலகச் சராசரி 86 சதவீதம் என்று அவர்களே கணக்கு சொல்லியிருக்கிறார்கள். டெய்லர் ஸ்விஃப்ட் கச்சேரியில் நினைவுக்கு வைத்துக்கொள்ளலாம். அதனால்தான் அது கோடாலித் தைலத்தோடு காஞ்சிபுரம் வந்து சேர்ந்தது.

சரி, எழுபதாயிரம் எண்பதாயிரம் கையில் யாருடையது சிவக்கணும், யாருடையது நீலமாகணும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? நானும் முதலில் ஒவ்வொரு பட்டைக்கும் விலாசம் இருக்கும், சீட் நம்பர் இருக்கும் என்றெல்லாம் கற்பனை செய்தேன். அகச்சிவப்பு ரகத்தில் அவ்வளவு பாடு இல்லை. மேடை விளக்கு சுழன்று சுழன்று கூட்டத்தின்மேல் வட்டம் போடுமல்லவா, அதுபோலவே கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தைப் பாய்ச்சும் விளக்குகள் வைத்திருக்கிறார்கள். அந்த வட்டத்துக்குள் எந்தக் கை இருக்கிறதோ அது எரியும். கையின் சொந்தக்காரர் யார், எந்த வரிசை என்ற விசாரணை கிடையாது. கோயிலில் தீர்த்தம் தெளிக்கும்போது யார்மேல் பட்டதோ அவர் நனைந்தார், அவ்வளவுதான். கூடவே குழு எண் என்று ஒன்றைப் பட்டைக்குள் எழுதிவைத்து, இந்தக் குழு மட்டும் எரி என்றும் சொல்லலாம். கட்டளையிலேயே நிகழ்தகவு ஒன்று உண்டு. பத்தில் ஒருவர் மட்டும் மின்னுங்கள் என்கிற மாதிரி. பட்டை தனக்குள் ஒரு சீட்டுக் குலுக்கிப் பார்த்து எரிவதா வேண்டாமா என்று முடிவு செய்துகொள்ளும். அரங்கம் முழுக்க நட்சத்திரம் சிமிட்டுவது இப்படித்தான்.

வெளிநாட்டில் இதே பைத்தியம் பிடித்த ஆட்கள் இந்தப் பட்டைகளைப் பிரித்து, அளந்து, சிவப்புக்கு இந்த வரிசை, பச்சைக்கு இந்த வரிசை என்று கண்டுபிடித்துப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். புண்ணியவான்கள். 38 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு, டி.வி. ரிமோட்டுகளில் பெரும்பாலும் இருப்பது. அந்தத் துடிப்பை ஏறத்தாழ 700 மைக்ரோ நொடிக்கு ஒரு கட்டம் என்று வைத்து, ஏற்றி நிறுத்தி ஏற்றி நிறுத்திப் பேசினால் பட்டைக்குப் புரியும். பாஸ்வேர்டு கிடையாது, யார் பேசுகிறார்கள் என்ற கேள்வி கிடையாது.

சென்னை ரிச்சி தெருவில் சாமான் வாங்கினேன். 940 நானோமீட்டர் அகச்சிவப்பு எல்.இ.டி. நாலு, டிரான்சிஸ்டர், ரெசிஸ்டர். ஆர்டுயினோ என்ற குட்டிக் கம்ப்யூட்டர் பலகை வீட்டில் இருந்தது. எல்லாம் சேர்த்து ஒரு ஹோட்டல் சாப்பாட்டுக் காசுகூட ஆகவில்லை, சென்னை போய்வந்த பஸ் செலவுதான் அதிகம். மூன்று ராத்திரி ஒன்றும் நடக்கவில்லை. போனின் முன்கேமராவில் பார்த்தால் எல்.இ.டி. ஊதாவாக மின்னுவது தெரிகிறது (நம் கண்ணுக்குத் தெரியாதது பல கேமராக்களுக்குத் தெரியும், வீட்டு ரிமோட்டை வைத்துப் பாருங்கள்). பட்டை மட்டும் கல்லுப் பிள்ளையார். நாலாம் நாள்தான் என் முட்டாள்தனம் பிடிபட்டது. 38 கிலோஹெர்ட்ஸ் துடிப்பே போடாமல், சும்மா எல்.இ.டி.யை அணைத்து எரியவைத்திருக்கிறேன். சூரியன், குண்டு பல்பு, அடுப்பு எல்லாமே அகச்சிவப்பைக் கொட்டுகின்றன. அந்த இரைச்சலிலிருந்து தப்பிக்கத்தான், நொடிக்கு 38 ஆயிரம் தடவை துடிக்கிற வெளிச்சத்துக்கு மட்டும் காது கொடு என்று அந்தக் கறுப்புப் புள்ளியைப் படைத்திருக்கிறார்கள். துடிப்பில்லாத வெளிச்சம் அதற்கு வெயில் மாதிரி. துடிப்பைச் சேர்த்ததும், ஒரே கட்டளையை ஏழெட்டு முறை அடுத்தடுத்து அனுப்பியதும், பட்டை திடுக்கிட்டு எழுந்து சிவப்பாக எரிந்தது. ராத்திரி ஒன்றரை மணி. யாரை எழுப்பிக் காட்டுவது? நானே இரண்டு மூன்று தடவை பார்த்துக்கொண்டேன்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தப் பதிவு தேவைப்பட்டிருக்காது. ஊரார் கண்டுபிடித்த சிவப்பும் பச்சையும் எனக்கெதற்கு, என் நிறத்தை நான் எழுத வேண்டாமா என்று தோன்றிற்று. காஞ்சிபுரத்தில் பிறந்தவனுக்கு ஆர்.ஜி.பி. சிவப்பு ஒரு நிறமா? மாந்துளிர் இருக்கிறது, மயில் கழுத்து இருக்கிறது, வாடாமல்லி இருக்கிறது, எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயராலேயே வழங்கும் எம்.எஸ். நீலம் இருக்கிறது. சிவப்புக் கட்டளையின் வரிசையை எடுத்து, நிறம் இருக்கும் இடம் என்று தோன்றிய இடத்தில் எண்ணை மாற்றிப் போட்டேன். பட்டை கண்டுகொள்ளவே இல்லை. இருபது விதமாக மாற்றினேன். இருபதுக்கும் அதே மௌனம்.

எங்கள் வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில். அந்த மௌனத்துக்குக் காரணம் சொன்னது சித்தப்பா. அவர் நெசவுக்காரர் இல்லை, நெசவுக்கு அட்டை அடிப்பவர். ஜக்கார்டு பெட்டிக்குள் போகிற துளையிட்ட அட்டை. டிசைனர் கட்டத்தாளில் புட்டாவையோ யாளியையோ வரைந்து கொடுப்பார். சித்தப்பா ஒவ்வொரு வரியாகப் படித்து, நிரப்பிய கட்டத்துக்குத் துளை, வெறும் கட்டத்துக்குத் துளையில்லை என்று அடித்து, அட்டைகளை வரிசையாகக் கயிற்றில் கோத்துக் கொடுப்பார். துளை இருந்தால் கொக்கி மேலே போய்ப் பாவு நூலைத் தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. ஓர் அட்டைக்கு ஓர் ஊடை. 240 கொக்கிப் பெட்டி என்றால் ஒவ்வொரு அட்டையிலும் 240 இடத்தில் ஆம், இல்லை சொல்ல வேண்டும். இப்போது கம்ப்யூட்டர் டிசைனும் எலெக்ட்ரானிக் ஜக்கார்டும் வந்து அவருக்கு வேலை பாதியாகிவிட்டது. ஜக்கார்டுதான் கம்ப்யூட்டருக்குத் தாத்தா என்கிற கதை எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. அதை நான் வேறு சொல்ல வேண்டியதில்லை. சித்தப்பாவிடம் ஒருமுறை சொன்னேன். "தாத்தாவுக்குப் பேரன் சோறு போட்டானா?" என்று கேட்டார். அத்தோடு விட்டுவிட்டேன்.

கண்ணுக்கு வசதியாக இருக்கும் என்று, வேலை செய்கிற கட்டளைகள் நாலையும் என்னுடைய கட்டளைகள் நாலையும் அவருடைய கட்டத்தாளிலேயே பென்சிலால் போட்டு வைத்திருந்தேன். வெளிச்சம் உள்ள இடம் கறுப்பு, இல்லாத இடம் வெள்ளை. காபி குடிக்க வந்தவர் தாளை எடுத்துப் பார்த்தார்.

"எந்தப் பொடவைடா இது?"

"பொடவை இல்ல சித்தப்பா, அந்தக் கைப்பட்டைக்கு. மேல நாலும் எரியுது, கீழ நாலும் எரியல."

கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ஒரு நிமிஷம் பார்த்தார். "கீழ நாலும் எப்படி எரியும்? இங்க பாரு, ஒம்போது கட்டம் சும்மாவே போயிருக்கே. மேல இருக்கறதுல நாலஞ்சு கட்டத்துக்கு மேல எங்கயாச்சும் சும்மா போயிருக்கா? எழுதினவன் விவரம் தெரிஞ்சவன். கட்டு போட்டுப் போட்டுப் போயிருக்கான்."

ஜரிகை ஊடை பாவுக்கு அடியில் புகாமல் ரொம்ப தூரம் மேலேயே ஓடினால், அந்த இடத்தில் நூல் பிடிப்பில்லாமல் தூக்கிக்கொண்டு நிற்கும். கட்டிக்கொள்கிறவளின் வளையலில் மாட்டும், இழுத்துக்கொண்டு வரும். அதனால் அட்டை அடிக்கும்போது, படத்தில் அந்த இடம் முழுக்க ஜரிகையாகவே இருந்தாலும், நடுநடுவே ஒரு பாவு நூலைத் தூக்கி ஜரிகையை அமுக்கிவிட வேண்டும். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது, கிட்டே போனால் ஜரிகைக்குள் புள்ளி புள்ளியாகத் தெரியும். அதுதான் கட்டு. டிசைனர் மறந்தாலும் சித்தப்பா மறக்கமாட்டார்.

அவர் காபியை முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. பட்டைக்குள் பெரிய கடிகாரம் ஒன்றுமில்லை. வெளிச்சம் மாறும் இடத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் அது தன் கணக்கைச் சரிசெய்துகொள்கிறது. நீண்ட நேரம் எதுவும் மாறாவிட்டால், போனது எட்டுக் கட்டமா ஒன்பதா என்று தடுமாறிவிடும். எந்நேரமும் எரிந்துகொண்டே இருந்தாலும் ஆகாது. அந்தக் காது அதையும் வெயில் என்று நினைத்து மந்தமாகிவிடும். ஆகவே ஆறு பிட் செய்தியை அப்படியே அனுப்பாமல் எட்டு பிட்டாக மாற்றி அனுப்புகிறார்கள். எட்டு பிட்டில் 256 சொற்கள் சாத்தியம். அவற்றில் ஒழுங்காகக் கட்டு விழுகிற 64-ஐ மட்டும் பொறுக்கி அகராதி செய்துகொண்டு, மற்றதை ஒதுக்கிவிட்டார்கள். நான் நிறத்தை எழுதியது அகராதியில் இல்லாத சொல்லால். இதை அந்தப் புண்ணியவான்கள் எழுதித்தான் வைத்திருந்தார்கள். அந்தப் பத்தியை நான்தான் தாண்டிப் போயிருக்கிறேன், சமையல் குறிப்பில் உப்பு வரியைத் தாண்டுகிற மாதிரி.

அகராதிப்படி மாற்றி எழுதினேன். அப்போதும் எரியவில்லை. இன்னொரு விஷயம் பாக்கி இருந்தது. கட்டளையோடு கூடவே ஒரு சரிபார்ப்பு எண் போகிறது. மற்ற எண்களை ஒரு கணக்கில் போட்டு வருவது. பட்டையும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். ஒத்து வராவிட்டால் கட்டளையைக் குப்பையில் போட்டுவிடும், புகார்கூடச் செய்யாது. எண்பதாயிரம் பேர் குதிக்கிற இடத்தில் பாதி செய்தி மறைக்கப்பட்டு வந்தால், தப்பு நிறத்தில் எரிவதைவிடச் சும்மா இருப்பதே மேல். சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோதுதான் அவர் முகத்தில் உண்மையான பொறாமையைப் பார்த்தேன். அட்டையில் ஒரு துளை தப்பினால் தறி கேள்வி கேட்காமல் தப்பாகவே நெய்துவிடும். பத்து நாள் கழித்து முந்தானையை விரிக்கும்போதுதான் யாளிக்குக் காது இல்லை என்று தெரியும். யார் தலையில் விழும் என்று சொல்லவே வேண்டாம்.

சரிபார்ப்பு எண்ணும் சரியானது. இனி எந்த நிறமும் எழுதலாம். சிவப்புக்கு 64 படி, பச்சைக்கு 64, நீலத்துக்கு 64, பெருக்கினால் 2,62,144 நிறம். கணக்கில்தான் அவ்வளவும். எம்.எஸ். நீலம் ஓரளவு வந்தது. வாடாமல்லி நன்றாகவே வந்தது. அரக்கு வரவே இல்லை. சிவப்பைக் குறைத்தால் மங்கின சிவப்பு வருகிறது, அரக்கு வருவதில்லை. தேன் நிறமும் அப்படித்தான், மஞ்சளில் போய் நின்றுவிடும். அரக்கும் காப்பிப்பொடி நிறமும் பக்கத்தில் அதைவிட வெளிச்சமான ஒன்று இருந்தால்தான் கண்ணுக்கு அரக்காகத் தெரியும். இருட்டில் தனியாக எரிகிற விளக்கில் அந்த நிறங்களே கிடையாது. பச்சைப் பேட்டுக்கு, அதாவது பச்சைக் கரைக்கு, பக்கத்தில் வைத்தால்தான் அரக்கு உடல் எடுக்கும் என்று கடைக்காரர்கள் சொல்வதன் அர்த்தம் எனக்கு முப்பத்து நாலு வயதில் ஒரு எல்.இ.டி. சொல்லித்தான் தெரிய வேண்டியிருந்தது.

மயில் கழுத்துக்கு ஒரு தந்திரம் செய்து பார்த்தேன். தறியில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்று போட்டால், புடவை அசைய அசைய இரண்டும் மாறி மாறித் தெரியும். பட்டையின் கட்டளையில் நிறம் எவ்வளவு மெதுவாக ஏற வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எவ்வளவு மெதுவாக இறங்க வேண்டும் என்று மூன்று எண்கள் உண்டு. நீலம் மெல்ல இறங்கும்போது பச்சை மெல்ல ஏறும்படி எழுதினேன். நிஜமாகவே அழகாக இருந்தது. சித்தப்பா கையை அப்படியும் இப்படியும் ஆட்டிப் பார்த்தார். "நான் ஆட்டினாலும் ஆட்டாட்டியும் அதுபாட்டுக்கு மாறுதே" என்றார். அவருக்கு அது மயில் கழுத்து இல்லை. எனக்கும் இப்போது இல்லை.

நீங்களும் செய்து பார்க்கலாம். இரண்டு விஷயம் மட்டும். பொத்தான் பேட்டரியைக் கழற்றும்போது வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். விழுங்கினால் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும், தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய கேஸ். இன்னொன்று, இதைத் தூக்கிக்கொண்டு எந்தக் கச்சேரிக்கும் போகாதீர்கள். நாலு எல்.இ.டி.க்கு நாலு அடி தூரம் எட்டினாலே பெரிது, அது வேறு. யாரோ ராப்பகலாக உட்கார்ந்து கோத்த அட்டைக்குள் நம் அட்டையைச் செருகுவது காஞ்சிபுரத்துக்காரன் செய்கிற காரியமில்லை.

வாடாமல்லியை மருமகளுக்காகப் பட்டையின் நினைவுச் சிப்பிலேயே எழுதி வைத்தேன். அது பேட்டரி இல்லாவிட்டாலும் மறக்காத ரகம். போன வாரம் பேட்டரி தீர்ந்து, புதிது போட்டுக் கேட்டபோது வாடாமல்லியையே சொன்னது. சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் பரண்மேல் ஏறினார். கயிற்றில் கட்டிய பழைய அட்டைக் கட்டு ஒன்றை இறக்கி, தூசி தட்டி, என் மேஜைமேல் வைத்தார். அன்னப் பேட்டு. அவர் கல்யாணத்துக்கு முந்தி அடித்தது. எந்தத் தறியிலும் இப்போது ஓடவில்லை.

"இதை உன் பொட்டி படிக்குமா?"

படிக்கும். துளைக்கு வெளிச்சம், துளையில்லாததற்கு இருட்டு. ஆனால் ஓர் அட்டைக்கு 240 இடம் இருக்கிறது, என்னிடம் இருப்பது ஒரே ஒரு பட்டை. 240 பட்டைகளைச் சுவரில் வரிசையாக ஆணியடித்து மாட்டினால், அட்டை ஒவ்வொன்றாக ஓட ஓட, சுவரில் அன்னம் ஒவ்வொரு வரியாக வந்து போகும். அக்காவுக்கு வாட்ஸப்பில் கேட்டிருக்கிறேன், அவள் அபார்ட்மெண்டிலிருந்து அந்தக் கச்சேரிக்கு மொத்தம் எத்தனை பேர் போனார்கள் என்று. பார்த்துவிட்டாள், இன்னும் பதில் இல்லை.